பதினேழாவது ஷரத்து

மார்ச் 3, திங்கள்

இன்று பள்ளிப் பை வழங்கும் நாள். வழங்கினோம். படம் எடுத்தோம். திரும்ப வாங்கிக்கொண்டோம்.

ஆமாம், வாங்கிக்கொண்டோம். வந்திருப்பது பத்துப் பை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் கொட்டகை வரிசைகள் நான்கு. நான்கு வரிசையிலும் படம் வேண்டும் என்கிறார் எங்கள் அறக்கட்டளைச் செயலாளர். மீதிப் பைகள் அடுத்த மாதம் வருமாம். முதல் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் தோளிலிருந்து நான்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு பொடிப்பெண் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "குடு கண்ணு, அத்தை நாளைக்குத் தர்றேன்" என்றேன். எவ்வளவு இனிப்பாக வருகிறது என் வாயிலிருந்து பொய்!

வண்டியில் பத்துப் பையும் என் மடியில். புது ரெக்சின் வாடை மூக்கை அடைத்தது. முன் சீட்டில் செயலாளர் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். "இந்தம்மா பாருங்க, பல்லைக் காட்டிட்டு நிக்குது. சிரிக்க வேண்டாம்னு சொன்னீங்களா இல்லையா?" நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பை கிடைத்தால் பெற்றவள் சிரிக்காமல் பின்னே என்ன செய்வாள்? அடுத்த படம். "செருப்பு புதுசா இருக்கு. கழட்டச் சொல்லியிருக்கலாம்."

வீடு வந்து இறங்கியதும் சோறு வேண்டாம் என்றேன். வண்டி ஆட்டம்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பார்.

மார்ச் 6, வியாழன்

வெங்காயப் பண்ணைக் கொட்டகையில் நாற்பத்தொரு குடும்பம். எங்கள் அறக்கட்டளை கட்டித் தரும் வீடுகள் பன்னிரண்டு, அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புகிறது. யாருக்கு என்று முடிவு செய்ய அறுபத்தொரு கேள்விகள் கொண்ட படிவம். கஷ்டத்துக்கு மதிப்பெண். அதிகக் கஷ்டம், அதிக மார்க்.

இன்று போன அறைகளில் கடைசி அறை 'கறார்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுடையது. எடைமேடையில் நின்றுகொண்டு மூட்டைக்கு மூட்டை எடை முள்ளைப் பார்ப்பாளாம், அதனால் அந்தப் பெயர். புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அவளும் மகளும் மட்டும். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். விடுமுறை நாளில் அம்மாவோடு வெங்காயம் தரம் பிரிக்கிறாள்.

தகரச் சுவர்தான், ஆனால் அறை கண்ணாடி மாதிரி இருந்தது. தட்டுகளில் செய்தித்தாள் விரித்து, அதன் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டியிருந்தாள். உரச் சாக்கைத் துவைத்துச் சாயம் ஏற்றிக் கதவுக்குத் திரை. படிவம் கேட்டது: தரை சுத்தமாக உள்ளதா? திரை, அலங்காரம் உண்டா? ஆமாம் என்றால் மார்க் இல்லை.

என் பேனா போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏங்க, வீட்டைக் கூட்டி வெச்சிருந்தா மார்க் கம்மியா?"

"அப்படி இல்லம்மா, அது வந்து..."

"நாளைக்கு வாங்க. நாலு கூடை சருகைக் கொட்டி வைக்கிறேன். எலி ரெண்டு வேணும்னா பக்கத்து ரூம்ல கடன் வாங்கிக்கலாம்."

சிரித்துவிட்டேன். வெளியே வந்து வேலி ஓரமாக நின்று, திரைக்குப் போட்ட 'ஆம்'-ஐ அடித்து 'இல்லை' என்று எழுதினேன். தரைக்கும் அப்படியே. 'குடும்பத்தில் பண்ணை வேலை செய்வோர்' என்ற இடத்தில் மகளையும் சேர்த்து இரண்டு என்று போட்டேன். அதற்கு இரண்டு மார்க் கூடக் கிடைக்கும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் செய்த ஒரே நல்ல காரியம் ஒரு பொய்க் கணக்கு.

மார்ச் 11, செவ்வாய்

சேமிப்பு வகுப்பு. வாரக்கூலி வாங்குகிறவர்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க, மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பயிற்சியாளர். தினம் இரண்டு டீயை நிறுத்தினால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பலகையில் பெருக்கிக் காட்டினார்.

கறார் கை தூக்கினாள். "சார், நாங்க டீ குடிக்கிறதே பசி தெரியாம இருக்கத்தான். டீயை நிறுத்தினா சோறு கூட ஒரு தட்டு வேணும். அதைக் கழிச்சீங்களா?"

அவர் கழிக்கவில்லை. பலகையை அழித்தார்.

மதியம் அதே பயிற்சியாளருக்கு என்னை அறிமுகம் செய்து வைத்தார் செயலாளர். "இவங்க அப்பாவும் வெங்காயம் அறுத்தவர்தான். கொட்டகையில பொறந்து வளர்ந்தவங்க. நம்ம வெற்றிக் கதை!" என் முதுகில் தட்டினார். சந்தையில் மாட்டைத் தட்டிக் காட்டுவது போல. நானும் தலையை ஆட்டினேனே, அதைச் சொல்.

மார்ச் 14, வெள்ளி

பன்னிரண்டு பேருக்கும் ஒப்பந்தக் கையெழுத்து. பட்டியலில் கறாரும் வந்துவிட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் கொடுத்தார்கள். எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. ஒன்பது பக்கம், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. வாசித்துக் காட்ட நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள் என்றார் செயலாளர். சொன்னேன். வீடு கட்டும் செலவு நன்கொடையாளர்களுடையது. நிலம் பண்ணை முதலாளி மனமுவந்து கொடுத்தது. இருபது வருஷம் நிம்மதியாக இருக்கலாம். பிள்ளைகள் படிப்புச் செலவும் இதிலேயே அடக்கம்.

நீர் பாய்ச்சுகிறவர் ஒருவர் இருக்கிறார், மெல்லிய ஆள். மனைவிக்கு ஐந்து மாதம். "நீங்க படிச்சிருப்பீங்கள்ல? அப்ப சரி" என்று சொல்லி, பக்கத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் படிக்கவில்லை.

கறார் மட்டும் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றாள். செயலாளருக்கு முகம் சுருங்கியது. "ஒரு நாள்தானே சார்" என்றேன்.

மார்ச் 15, சனி

கறார் ஒன்பது பக்கத்தையும் கையெழுத்தோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் களைப்பாக இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

ஆண்டறிக்கைக்காக இன்று ஒப்பந்தத்தை எடுத்தேன். நிலப்பரப்பு எவ்வளவு என்று பார்க்கத்தான். ஏழாம் பக்கத்தில் கண் நின்றது.

பதினேழாவது ஷரத்து. குடும்பத்தில் குறைந்தது இருவர் இப்பண்ணையில் தொடர்ந்து பணிபுரிதல் வேண்டும். எண்ணிக்கை குறையும் பட்சத்தில், பதினைந்து நாள்களுக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும்.

பதினெட்டு: அவ்வாறு காலி செய்யும் குடும்பம், அதுவரை பெற்ற கல்வி உதவியைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

மூன்று தடவை படித்தேன். முதலில் புரியாத மாதிரி இருந்தது. பிறகு புரிந்துவிட்டது, ஐயோ, நன்றாகவே புரிந்துவிட்டது. இது வீடு இல்லை. கட்டுத்தறி. முதலாளி ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடந்த களர்நிலத்தைக் கொடுத்துவிட்டு, இருபது வருஷத்துக்குப் பன்னிரண்டு குடும்பத்தை வாங்கியிருக்கிறார். அவருக்குக் கை நனையவில்லை. கட்டுகிற செலவு வேறு யாருடையதோ. அதற்கு மேல் 'வள்ளல்' என்று பெயர்ப்பலகை.

கறாரின் மகள் மே மாதத்தோடு பள்ளிப்படிப்பை முடிக்கிறாள். நில அளவைப் படிப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் போனால் வீட்டில் பண்ணை வேலைக்கு ஒரு ஆள்தான். ஒரு ஆள் என்றால் வீடு போச்சு.

அந்த 'இரண்டு'-ஐ எழுதியது யார்? நான். மார்க் கூட வேண்டும் என்று. ஆசையாக.

அலுவலகக் கழிவறையில் போய் நின்றேன். முகம் கழுவிக்கொண்டு வந்து நிலப்பரப்பைத் தட்டச்சு செய்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

செயலாளரிடம் கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் செய்தித்தாளை விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், நார் நாராக எடுத்து.

"அது வழக்கமான வாசகம்மா. வக்கீல் போட்டது."

"சார், பொண்ணு படிக்கப் போனா அம்மா தெருவுல நிக்கணும்னு இருக்கு."

"போகணும்னு யார் சொன்னா? இங்கேயே வேலை இருக்கே." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "முதலாளி நிலம் கொடுக்கிறார். அவருக்கும் ஏதாவது இருக்கணும்ல? அவர் பின்வாங்கிட்டா பன்னிரண்டு குடும்பத்துக்கும் பட்டை நாமம். நீங்க போய்ச் சொல்லுவீங்களா, உங்க வீடு போச்சுன்னு?"

அவர் அடுத்த சுளைக்கு நார் எடுத்தார்.

"உங்க அப்பாவுக்கு இப்படி ஒரு வீடு கிடைச்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாரா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

அங்கேதான் அடித்தார். அப்பா வாங்கியிருப்பார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். வெளியே வரும்போது எனக்கும் ஒரு சுளை கொடுத்தார். நான் வாங்கித் தின்றேன். தின்றேன்! வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லையே, சீ.

மார்ச் 28, வெள்ளி

நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ பட்டினி கிடந்தா அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"எனக்கு அருவருப்பா இருக்குங்க."

"இருக்கட்டும். போய் அந்தப் பேப்பரைப் படிச்சுக் காட்டிட்டு வந்து அருவருப்புப் படு."

என் சம்பளத்தில்தான் வாடகை போகிறது. அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று போனேன். ஒரு வாரம் ஆயிற்று கால் நகர.

வேலை முடிந்து கறார் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். மகள் படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காகிதத்தை எடுத்து, எனக்குத் தெரிந்த மென்மையான குரலில் ஆரம்பித்தேன். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோங்க."

"பதினேழா?" என்றாள்.

காகிதத்தைத் திரும்ப மடித்தேன்.

"கொண்டு வந்த அன்னிக்கே பாப்பா படிச்சுட்டா. ரெண்டு தடவை. மறுநாள் காலையில மத்த பதினோரு குடும்பத்துக்கும் போய்ப் படிச்சுக் காட்டினா."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"போடலைன்னா என்ன ஆகும்? என் பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளை எழுதுவீங்க. சுவரு எழும்பட்டும், கூரை போடட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு இருந்தோம். காகிதத்துல இருக்கிற வீட்டுக்குச் சண்டை போட முடியாதுல்ல."

நான் தலை குனிந்தேன். "எனக்கு அப்பத் தெரியாதுங்க. நான் படிக்காமத்தான்..."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

"தெரியாதா?" என்றாள் கறார். "நாங்க வேற மாதிரி நினைச்சுட்டோம். தெரிஞ்சேதான் சிரிச்சுக்கிட்டே கையெழுத்து வாங்குனீங்கன்னு. அதுக்கப்புறமும் மூணு வாரமா வந்து பிள்ளைங்க கன்னத்தைக் கிள்ளிட்டுப் போனீங்களே. இவ என்ன பொம்பளைடான்னு பேசிக்கிட்டோம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "கொட்டகையில பொறந்தவங்கன்னு வேற சொன்னாங்க."

இதை அவள் திட்டுவது போலச் சொல்லவில்லை. எடை முள்ளைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள்.

பத்து நாளாக அவர்களுக்காக மனசுக்குள் அழுதேனே, என்னமோ நான்தான் அவர்களைக் காப்பாற்றப் போகிறவள் மாதிரி. அவர்கள் என்னைப் பார்த்துக் காறித் துப்பாத குறை.

கிளம்பும்போது கேட்டாள்: "வீட்டுக்குக் காசு போட்டது முதலாளி இல்லைல்ல?"

இல்லை. ஓய்வு பெற்ற டாக்டரம்மா ஒருவர், அவருடைய நண்பர்கள் சிலர்.

"அந்தம்மாவுக்குப் பதினேழு தெரியுமா?"

"தெரியல."

"அதைக் கேட்டுச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அனுப்பவில்லை. செயலாளர் கூப்பிட்டு, சனிக்கிழமை விழாவில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார். தலைப்பு: 'கொட்டகையிலிருந்து.' சம்பள உயர்வு பற்றியும் யோசிக்கிறாராம். எலிக்கு மசால்வடை வைக்கிறார். மூக்கு விடைத்துக்கொள்கிறதே எனக்கு!

ஏப்ரல் 10, வியாழன்

அனுப்பவில்லை. கறாருக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் என்னை நானே திட்டி எழுதுவதும் ஒருவகையில் சொகுசாகத்தான் இருக்கிறது. திட்டிவிட்டால் தீர்ந்தது என்று.

ஏப்ரல் 12, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பன்னிரண்டு வீட்டுக்கும் பலூன். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் முதலாளி பெயர் பொறித்த கல். மேடையில் ஓர் ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி, தங்கக் காகிதம் ஒட்டி. முதலாளி வெள்ளை உடுப்பில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் டாக்டரம்மா, எழுபது வயசிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது, வெயிலில் சோர்ந்து போயிருந்தார்.

முதலில் கறாரைத்தான் கூப்பிட்டார்கள். சுத்தமாக உடுத்துவாள், படத்துக்கு நன்றாக இருக்கும் என்பது செயலாளர் கணக்கு. மேடை ஏறினாள். அட்டைச் சாவியின் ஒரு முனையை டாக்டரம்மா பிடித்தார். மறுமுனையை இவள் பிடிக்கவில்லை.

"அம்மா, பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். என் பொண்ணு வெளியூர் போய்ப் படிச்சா, இந்த வீட்டை விட்டு நான் பதினஞ்சு நாள்ல போயிடணுமா?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"யாரும்மா அப்படிச் சொன்னா?" என்றார் டாக்டரம்மா.

செயலாளர் பாய்ந்து வந்தார். சிரித்தார். "சின்னக் குழப்பம்தான் மேடம். எங்க களப்பணியாளர் விளக்குவாங்க. அவங்களும் கொட்டகையில..." என்று சொல்லி மைக்கை என் கையில் திணித்தார். திணிக்கும்போது மெதுவாக, "பார்த்துப் பேசுங்க" என்றார்.

வாடகை நினைவுக்கு வந்தது. ஆமாம், அதுதான் முதலில் வந்தது, பெருமையாக எழுத ஒன்றும் இல்லை. கறார் என்னைப் பார்க்கவே இல்லை. என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒரு முகம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உரைக்காக வைத்திருந்த கோப்பில் ஒப்பந்தமும் இருந்தது. ஏழாம் பக்கத்தைத் திருப்பிப் பதினேழைப் படித்தேன். பதினெட்டையும் படித்தேன். "இதைப் படிக்காமலே இவங்ககிட்ட கையெழுத்து வாங்கினது நான்தான்" என்றும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, வந்துவிட்டது.

கைதட்டல் எல்லாம் இல்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் பலூன் கேட்டு அழுதது. டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வாங்கிப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. எங்கள்மீது கோபமா, தன்மீதே கோபமா தெரியவில்லை. "இதை நாம தனியாப் பேசணும்" என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பேசிட்டு வாங்கம்மா" என்றாள் கறார். "நாங்க இங்கேயே இருக்கோம்."

பன்னிரண்டு குடும்பமும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. யாரும் சாவி வாங்கவில்லை. வந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் கார் ஏறினார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது, பிரித்துச் சாப்பிட்டார்கள். "வேகவே இல்ல" என்று ஒரு பெண் சொல்ல, "இதையும் பதினேழுல போட்டிருப்பாங்க" என்று இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. பிள்ளைகள் அட்டைச் சாவியைப் படகாக்கி இழுத்துக்கொண்டு ஓடின.

என்னை யாரும் பாராட்டவில்லை. ஒரு பொட்டலம் மட்டும் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வேலை போய்விட்டது. செல்போனில் செய்தி. 'மிகுந்த மன வருத்தத்துடன்.' அடையாள அட்டையையும் அறக்கட்டளைச் சட்டைகள் இரண்டையும் துவைத்து ஒப்படைக்க வேண்டுமாம். துவைத்து!

துவைக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

அந்த இரண்டு ஷரத்தையும் எடுக்காமல் மீதிப் பணம் தரமாட்டோம் என்கிறார்கள் டாக்டரம்மா தரப்பில். அப்படியென்றால் வீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்கிறார் முதலாளி. பன்னிரண்டு வீடும் பூட்டிக் கிடக்கிறது. நேற்று மழை. கொட்டகை ஒழுகுகிறது.

இன்று கடைத்தெருவில் நீர் பாய்ச்சுகிறவர் எதிரே வந்தார். ஒதுங்கிப் போவார் என்று பார்த்தேன், நின்றார்.

"உங்க நியாயத்தை நான் கூரையா போட்டுக்கவா?" என்றார். மெல்லிய ஆள், குரலும் மெலிந்துதான் வந்தது. "ரெண்டு பேரும் அந்தப் பண்ணையிலதான் வேலை செய்யுறோம். எங்கேயும் போகப் போறதில்ல. எங்களுக்குப் பதினேழும் ஒண்ணுதான் பதினெட்டும் ஒண்ணுதான். அவளுக்கு ஏழாவது மாசம் வரப் போகுது. ராத்திரி முழுக்கப் பாத்திரத்தை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு இருக்கா."

"எல்லாரும் சேர்ந்துதானே..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாரும் இல்ல. சாவி வாங்க வேண்டாம்னு எட்டுப் பேர்தான் கை தூக்கினாங்க. நான் தூக்கல. யாரும் பார்க்கல."

ஷரத்து எழுதினவனை வெறுப்பது எளிது. இவரிடம் என்ன சொல்ல?

மே 10, சனி

நீர் பாய்ச்சுகிறவர் குடும்பத்தோடு போய்விட்டார். தெற்கே ஏதோ மிளகாய்ப் பண்ணையாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மே 23, வெள்ளி

கறார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டேன்.

அறுவடை உச்சம். லாரிகள் வரிசையில். வேலைநிறுத்தம் எதுவும் இல்லை. எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டு, இறக்கி, மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு வெங்காயத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். மேஸ்திரி கத்தினால், "தரம் முக்கியம்னு நீங்கதானே சொல்வீங்க" என்றார்களாம். ஒன்பது நாள். அதற்குள் மழை வேறு தூறியது. லாரியிலேயே வெங்காயம் முளைவிட ஆரம்பித்திருக்கிறது.

பத்தாம் நாள் முதலாளி இறங்கி வந்தார்; டாக்டரம்மா வக்கீலோடு வந்தார். நிலம் முப்பது வருஷக் குத்தகைக்கு டாக்டரம்மாவின் நண்பர்கள் குழுவுக்குப் போகிறது. பதினேழு இல்லை. பதினெட்டு பாதிதான் போயிருக்கிறது: படிப்பை நடுவில் நிறுத்தினால் மட்டும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எடைமேடையில் முன்னால் நின்ற மூன்று பேருக்கு அடுத்த பருவம் வேலை கிடையாது. அதில் கறாரும் ஒருத்தி.

"கஷ்டமா இல்லையா?" என்றேன்.

"வேலை எங்கே இல்ல? பால் பண்ணையில ஆள் கேட்கறாங்க. வீட்டுலேர்ந்து நடந்தே போயிடலாம்."

வீட்டிலிருந்து. அந்த வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஜூன் 18, புதன்

ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, தட்டச்சு. பாதிச் சம்பளம். நாங்களும் சின்ன வீட்டுக்கு மாறிவிட்டோம். அவருடைய மோட்டார்களெல்லாம் கட்டிலுக்கு அடியில்.

இன்று ஒருவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நகல் எடுக்க வந்தார். எடுப்பதற்கு முன் வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "நகல்தானேம்மா கேட்டேன்" என்று கடுப்படித்தார். கடைக்காரரும் முறைத்தார்.

அறக்கட்டளை ஆண்டறிக்கை வந்திருக்கிறது. அட்டையில் பன்னிரண்டு வீடு. உள்ளே, 'பயனாளிகளின் ஆலோசனையை ஏற்று ஒப்பந்தத்தை மேம்படுத்தினோம்.' செயலாளருக்கு ஒரு விருதும் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் சிரிக்கிறார். அவர் சிரிக்கலாம் போலிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

புது வீடுகளைப் போய்ப் பார்த்தேன். கட்டினவன் கையில் கிடைத்தால் ஒன்று கேட்க வேண்டும்: கழிவறைக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கிற மாதிரி எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? தண்ணீர்க் குழாய் சுவருக்குள் இருக்கிறது, குழாய்க்குள் தண்ணீர் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து இணைப்புத் தர யாருக்கும் நினைவில்லை. பெண்கள் குடத்தோடு கொட்டகைக்கே திரும்ப நடக்கிறார்கள்.

கறாரின் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் கிளம்புகிறாள். விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். என்னிடம் காட்டவில்லை.

பதினோரு வீட்டில் ஆள் இருக்கிறது. கடைசி வீடு பூட்டித்தான் இருக்கிறது. டாக்டரம்மா தரப்பில் வேறு குடும்பத்தைப் போடலாமா என்று கேட்டார்களாம். மிளகாய்ப் பண்ணைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், பொறுங்கள் என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ பெருக்கியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

மதியம் கடையில் கூட்டம். கறார் வந்து வரிசையில் நின்றாள். பால் பண்ணை வேலைக்குப் போகிற ரப்பர் செருப்பு, கையில் ஒரு நோட்டு. அவள் முறை வந்ததும், "என்ன நகல் எடுக்கணும்?" என்றேன்.

"நகல் இல்ல. நாளைக்குத் தண்ணி லைனுக்குக் குழி வெட்டுறோம். மெயின் ரோட்டுலேர்ந்து. வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்குப் பதினஞ்சு அடி." நோட்டைப் பிரித்தாள். "கடைசி வீட்டுக்கு ஆள் இல்ல. அந்தப் பதினஞ்சு அடியை உங்க பேர்ல போட்டிருக்கு."

வருகிறீர்களா என்று கேட்கவில்லை. போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"அவங்ககிட்டேர்ந்து ஏதாவது தகவல்...?"

"குழந்தை பொறந்திருக்கு. பொண்ணு. வருவாங்களா மாட்டாங்களான்னு தெரியல. வந்தா குழாயில தண்ணி வரணும்ல?"

பின்னால் நின்றவர் கனைத்தார். கறார் நோட்டை மூடினாள். "ஏழு மணிக்கு. மண்வெட்டி உங்களோடதுதான் கொண்டு வரணும். முழங்கால் ஆழம், ஒரு விரல் குறைஞ்சாலும் திரும்ப வெட்டச் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். மண்வெட்டி இருக்கிறதாம், பிடி ஆடுகிறதாம். இப்போது வாசலில் உட்கார்ந்து ஆப்பு அடித்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் படுக்க வேண்டும்.